எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை



பொங்கல் எல்லார் வீட்டிலும் நல்லபடியாக முடிந்திருக்கும். லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டிலும் முடிந்தது. ஆனால் மாட்டுப் பொங்கல் அன்று வீட்டு வாசலில் நடந்த ஒரு விஷயத்தை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. கார் சக்கரம் பற்றிய பதிவு இது. சார் எப்போது மெக்கானிக் ஆனார் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். பதிவு நீளம்தான். சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை வாருங்கள். இதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை மகனை உங்களில் சிலருக்குத் தெரியும். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. சின்ன வயதில் என் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டிக்குச் சோடா மூடிச் சக்கரம் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளை. போன அக்டோபரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். செகண்ட் ஹேண்ட்தான். ஜெர்மன் வண்டி, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். போகியன்று அதை எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியதும் தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள். அதற்கு முதல் நாள்தான் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்திருந்தது. பயிற்சியின்போது அவர் வண்டி தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவையும் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதனால் என் மருமகனுக்கு அன்றைக்கு அஜித்துக்கு அடுத்த மரியாதை!

சாப்பிடும்போது அவன் சொன்னான்: "மாமா, வண்டி சூப்பரா இருக்கு. ஆனா நேரா போகும்போதுகூட ஸ்டீயரிங்கை லேசா பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. விட்டா ஒரு பக்கமா போகுது. தொண்ணூறு, நூறு தாண்டினா ஸ்டீயரிங் நடுங்குது. நீங்க பிசிக்ஸ் வாத்தியார், சொல்லுங்க, என்னவா இருக்கும்?"

நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே பதில் சொன்னேன். "ரோடு நடுவுல மேடா, ஓரத்துல சரிவா இருக்கும்டா. மழைத் தண்ணி வடியறதுக்காக. வண்டி சரிவுப் பக்கம் போகத்தான் செய்யும். நடுக்கமா? ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் நம்ம ரோடு இருக்கிற இருப்புக்கு நடுங்காம என்ன செய்யும்? ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பிரிங் எல்லாம் கட்டையா இருக்கும். அப்படித்தான்."

அவன் தலையாட்டினான். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது நமக்கு ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்குப் பிறகு ரோடு எப்படி ஆனது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் என் பதில் எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

காணும் பொங்கலன்று காலை அவன் சென்னை திரும்புவதாகவும், என் பன்னிரண்டு வயதுப் பேத்தியைத் தன்னோடு அந்தக் காரில் ஈ.சி.ஆர். வழியாக அழைத்துப்போய் அடையாற்றில் என் மகள் வீட்டில் விடுவதாகவும் பேச்சு. பேத்தி அந்த நிமிடத்திலிருந்து தரையில் நிற்கவில்லை.

மாட்டுப் பொங்கல் சாயந்திரம் என் பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் ப்ளஸ் டூ படித்தவர். இயற்பியலில் முதல் தடவை தவறி, அக்டோபரில் எழுதித் தேறியவர். பிறகு ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் டயர் கடையில் வேலை பார்த்து, இப்போது இங்கே சொந்தமாக வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறார். வருடா வருடம் பொங்கலுக்குக் கரும்போடு வந்துவிடுவார்.

செருப்பைக் கழற்றும் முன்பே அவர் கண் வாசலில் நின்ற காரின் மேல் போனது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தடவினார். மரத்துண்டின் வாட்டம் பார்க்கத் தச்சர் தடவுவாரே, அதே மாதிரி.

"சார், நீங்களும் தடவிப் பாருங்க."

தடவினேன். ஒரு பக்கமாகப் போகும்போது வழுவழு. திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி சொரசொரப்பு. "இது தேய்ஞ்ச டயர் இல்ல சார், இழுபட்ட டயர்" என்றார். பிறகு செல்போன் டார்ச்சைப் போட்டு, தரையில் படுத்து, டயரின் உள்பக்க ஓரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. என் மருமகனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

நானும் முட்டி வலியோடு குனிந்து பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல டயர். பட்டன் எல்லாம் இருக்கிறது. உள்பக்க ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. சாம்பல் நிறத்தில் இரும்புக் கம்பி வெளியே தெரிந்தது. இடது பின் டயர் அப்படி. வலது பின் டயர் கம்பி தெரியும் அளவுக்கு வரவில்லை, ஆனால் ஓரம் வழுக்கை.

"இதுல நூறு கிலோமீட்டர் வேகத்துல போறீங்களா தம்பி?" என்று கேட்டார். அவன் முகம் மாறிவிட்டது.

பிறகு அவர் கேட்டதுதான் என்னைச் சுட்டது. "வண்டி எந்தப் பக்கம் இழுக்குது?"

"வலது பக்கம்" என்றான் என் மருமகன்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். ரோட்டின் சரிவு இடது ஓரத்தை நோக்கி. சரிவுதான் காரணம் என்றால் வண்டி இடது பக்கம் அல்லவா போக வேண்டும்? வலது பக்கம் இழுக்கிறது என்றால் மேட்டை நோக்கி, எதிரே பஸ் வரும் பக்கத்தை நோக்கி இழுக்கிறது! என் காரணம் அந்த ஒரே வார்த்தையில் செத்துப்போனது. நான் எந்தப் பக்கம் என்று கேட்கவே இல்லை.

என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விசை ஒரு வெக்டர். அளவு மட்டும் எழுதித் திசை எழுதாவிட்டால் அரை மார்க் வெட்டுவேன். முப்பத்து நான்கு வருடம் வெட்டினேன். இதே மாணவருக்கும் எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவன், சொந்த மருமகன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் திசை கேட்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். அதுவும் இட்லி சாப்பிட்டுக்கொண்டே.

இனி, அன்று நான் கற்றுக்கொண்ட பாடம். கரும்பலகை இல்லை, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அலைன்மென்ட், பேலன்சிங் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு வேறு வேலை. அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பது. பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஓரம் தேய்ந்தாலோ அலைன்மென்ட் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கினால் பேலன்சிங். ஒன்றைச் செய்து மற்றதைச் சரிசெய்ய முடியாது. என் மருமகன் வண்டியில் இரண்டு கோளாறும் தனித்தனியாக இருந்தன. நான்தான் இரண்டையும் சேர்த்து ரோட்டின் தலையில் போட்டேன்.

அலைன்மென்டில் மூன்று சொற்கள் வரும். டோ, கேம்பர், காஸ்டர்.

டோ என்றால் கால் விரல். நாம் நடக்கும்போது பாதம் உள்நோக்கி வளைந்திருக்கிறதா, வாத்து மாதிரி வெளியே விரிந்திருக்கிறதா என்பது போல. மேலிருந்து பார்த்தால் தெரியும் கோணம் அது. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது. காஸ்டருக்குச் சைக்கிளைப் பாருங்கள். முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக இருக்கும். அந்தச் சாய்வுக் கோடு தரையைத் தொடும் இடம், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழும். அதனால் சக்கரம் பின்னால் இழுபட்டு வந்து நேராக நிற்கப் பார்க்கும். கார் திரும்பி முடித்ததும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவதில் இதற்குப் பெரிய பங்கு.

ஸ்போர்ட்ஸ் காரில் சக்கரத்தின் தலையை வேண்டுமென்றே கொஞ்சம் உள்ளே சாய்த்து வைப்பார்கள். வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும். அப்போது பாரம் தாங்கும் வெளிப்பக்க டயர் முழு அகலத்துக்கும் தரையில் பதிய வேண்டும் என்பதற்காக. அதற்குக் கொடுக்கும் விலை, நேராகப் போகும்போது டயரின் உள் ஓரம் கொஞ்சம் அதிகம் உழைக்கிறது. டோ சரியாக இருக்கும்வரை இது பெரிய தொந்தரவில்லை. டோவும் கெட்டால் அந்த உள் ஓரத்தின் மேல் இரண்டு சுமையும் சேர்ந்து விழும். இங்கே நடந்தது அதுதான்.

அன்று கடை மூடியிருந்தது. ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. "சார், வெள்ளை நூல் இருக்கா? ஸ்டீல் ஸ்கேல் இருக்கா?" என்றார். சென்னையில் இருந்த காலத்தில் சனி, ஞாயிறுகளில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் உதவியாளராகப் போவாராம். முன்பு சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும், பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை வந்தது. பந்தய அணிகள் மைதானத்தில் நூல் கட்டித்தான் சக்கரத்தை அளப்பார்களாம். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிற அதே கதை.

வண்டியின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வைத்து, சக்கர நடு உயரத்தில் முன்னும் பின்னும் நூலை இழுத்துக் கட்டினார். இரண்டு நூலும் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக வரும்படி சக்கர நடுவிலிருந்து அளந்து அளந்து நகர்த்தினார். அதற்கே அரை மணி நேரம் ஆனது. பிறகு பின்சக்கர ரிம்மின் முன் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு இடைவெளி, பின் விளிம்புக்கு எவ்வளவு என்று ஸ்கேலில் பார்த்தோம். வலது பக்கம் இரண்டும் சமம். இடது பக்கம் முன் விளிம்பு 4 மில்லிமீட்டர் நூலுக்கு நெருங்கி இருந்தது. நம் ஆசாரிகள் கணக்கில் சொன்னால் ஒன்றேகால் நூல். அவ்வளவுதான். அதாவது அந்தச் சக்கரம் இடது பக்கமாக வெளியே பார்த்து நின்றது.

ரிம் 18 அங்குலம், 457 மில்லிமீட்டர். அதில் 4 மில்லிமீட்டர் என்றால் அரை டிகிரி. சைன் அட்டவணை பார்க்காமலே சொல்லலாம். ஒரு சக்கரம் நேர், மற்றது அரை டிகிரி வெளியே என்றால், ஓடும்போது வண்டி இரண்டுக்கும் நடுவில் ஒரு திசையைப் பிடித்துக்கொள்ளும். ஆளுக்குக் கால் டிகிரி கோணல் பங்கு. கால் டிகிரிக்குக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 4 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பக்கவாட்டில் இழுபடுகிறது. இங்கிருந்து சென்னைக்கு 150 கிலோமீட்டர் என்று வைத்தால் 650 மீட்டர்! காரைத் தாம்புக்கயிறு கட்டி அரை கிலோமீட்டருக்கு மேல் தார் ரோட்டில் பக்கவாட்டில் இழுத்தால் டயர் என்ன ஆகும்? வாரா வாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

இன்னொன்று. பின்சக்கரங்கள் இடது பக்கம் பார்த்தால் வண்டியின் வால் இடது பக்கம் நகரும், மூக்கு வலது பக்கம் திரும்பும். அதனால்தான் வலது பக்க இழுவை. நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடது பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது வண்டி உடம்பு ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கமாகப் போகும். நம் விமான நிலையத்தில் சின்ன விமானம் இறங்குவதை மொட்டை மாடியிலிருந்து பார்த்திருப்பீர்கள். குறுக்குக் காற்று இருந்தால் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, நண்டு மாதிரி சாய்வாகவே ஓடுதளத்தை நோக்கி வரும். அதே ஓட்டம்தான், அளவில் மிகச் சின்னது. கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும்.

"டிசம்பர்லயே ஒரு இடத்துல அலைன்மென்ட் பண்ணேனே" என்றான் என் மருமகன். விசாரித்தால் முன்சக்கரத்துக்கு மட்டும் செய்திருக்கிறார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் பின் அச்சு ஒரே உத்திரம், அங்கே சரிசெய்ய ஒன்றும் கிடையாது, அந்தப் பழக்கம். இந்த மாதிரி வண்டியில் நான்கு சக்கரமும் தனித்தனிக் கம்பிகளில் நிற்கின்றன. பின்னால் கோணலை வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் திருத்துவது, அஸ்திவாரத்தை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ரசமட்டம் பார்க்கிற வேலை.

முன்சக்கரத்திலும் ஒன்று காட்டினார். அலாய் ரிம்மின் உள்பக்கம் சதுரமாகப் பசை ஒட்டியிருந்த தடம். பேலன்சிங்குக்கு ஒட்டிய எடைத்துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. இதற்கும் ஒரு கணக்கு. அந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய சரியாக 2 மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 14 சுற்று. ரிம் ஓரத்தில் வெறும் 20 கிராம் குறைந்தாலே, அந்த வேகத்தில் மூன்றரை கிலோ எடைக்குச் சமமான உதை, விநாடிக்கு 14 தடவை ஸ்டீயரிங்குக்கு வரும். வேகம் பாதியானால் உதை கால்வாசிதான். வேகத்தின் வர்க்கம் அல்லவா! அதனால்தான் தெருவுக்குள் ஓட்டும்போது தெரியவே தெரியாது. முன்சக்கரத்தில் கோளாறு என்றால் நடுக்கம் கைக்கு வரும். பின்சக்கரத்தில் என்றால் சீட்டுக்கு வரும். இதையும் அவர்தான் சொன்னார்.

இதெல்லாம் சாதாரணக் காருக்கும் உண்டுதானே என்று கேட்பீர்கள். உண்டு. ஸ்போர்ட்ஸ் காரில் மன்னிப்பு குறைவு. இந்த வண்டியின் பின் டயரில் 255/35 என்று போட்டிருக்கிறது. அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், 89 மில்லிமீட்டர்தான். நம் பழைய கார் டயர்களில் சுவர் உயரமாக, பள்ளத்தில் விழுந்தால் அமுங்கி எழும். இது அமுங்க இடமில்லை. அடி நேராக ரிம்முக்கும் அதைத் தாங்கும் கம்பிக்கும் போகிறது. முன் டயர் ஓர் அளவு, பின் டயர் ஓர் அளவு என்பதால் தேய்ந்ததை முன்னும் பின்னும் மாற்றிப் போடவும் முடியாது. ஸ்டெப்னியும் இல்லை. வேகமோ அதிகம்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு பஞ்சாயத்து. "மெதுவா ஐம்பதுல ஓட்டிட்டுப் போயிடறேன் மாமா. வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல முக்கியமான மீட்டிங்" என்றான். பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மாணவர் மட்டும் மெல்ல, "சார், முடிவு உங்க வீட்டு முடிவு. ஆனா என் புள்ளையா இருந்தா தெரு முனைகூட அனுப்ப மாட்டேன்" என்றார்.

எனக்கு அப்போது 2005 ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அந்த வருடம்தான் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். ஜூன் 19 அன்று அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் நான்காவது வந்து 5 புள்ளிகள் வாங்கினார். வகுப்பில் கைதட்டினோம். ஆனால் அந்தப் பந்தயத்தில் ஓடியது ஆறே கார்கள். வரிசையில் நின்றவை இருபது. பயிற்சியில் ஒரு காரின் இடது பின் டயர், சாய்வான பதின்மூன்றாவது வளைவில் பாரம் தாங்காமல் போய்விட்டது. டயர் செய்த மிஷலின் கம்பெனி, எங்கள் டயர் இந்த வளைவை இந்த வேகத்தில் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்த டயர் போட்ட பதினான்கு கார்களும் ஒரு சுற்றுப் போய்விட்டு ஓரமாக ஒதுங்கிவிட்டன. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், கம்பெனிக்கு அவமானம். ஆனால் டயரால் யாரும் சாகவில்லை. உலகத்திலேயே வேகமான ஓட்டுநர்கள் டயர் மேல் சந்தேகம் என்றதும் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கு ஆபீஸ் மீட்டிங் பெரிதா?

சாவியை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். காணும் பொங்கல் கூட்டத்தில் இருவரும் பஸ்ஸில் நெரிசல்பட்டுப் போனார்கள். பேத்தி என்னோடு இரண்டு நாள் போனில் பேசவில்லை.

டயர் இங்கே கிடைக்கவில்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. நெட்டப்பாக்கம் பக்கம் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலையே இருக்கிற ஊர் நமது. இருந்தாலும் இந்த அளவு டயர் கடைகளில் வைத்திருப்பதில்லை. விலையை எழுதினால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மயக்கம் வரும், விட்டுவிடுகிறேன். டயர் வந்ததும் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனோம். ஒரு மதியம் முழுக்க நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

தூக்கிப் பார்த்ததில் இடது பின்பக்கக் கம்பி ஒன்று லேசாக வளைந்திருந்தது. புயலுக்குப் பிந்திய பள்ளமா, பழைய சொந்தக்காரர் எங்காவது இடித்ததா, யாருக்கும் தெரியாது. அதை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். முதலில் நான்கு டயரிலும் காற்று சரிபார்த்தார். பிறகு நான்கு சக்கரத்திலும் பலகை மாதிரி ஒன்றை மாட்டினார். எதிரே இருக்கும் கேமராக்கள் அவற்றைப் பார்த்துக் கோணத்தைத் திரையில் காட்டுகின்றன. வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் உருட்டுகிறார். ரிம்மில் நெளிவு இருந்தால் அது கணக்கில் கலக்காமல் இருப்பதற்காக. ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பிக் காஸ்டரை எடுக்கிறார். முதலில் பின்சக்கரம். அது நேரான பிறகு ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டிவிட்டு முன்சக்கரம். சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. அது முடிந்ததும் சக்கரங்களைக் கழற்றிப் பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றினார். வலது முன்சக்கரத்தில் 35 கிராம் குறைவு. மேலே போட்ட கணக்குப்படி நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஆறு கிலோ உதை! ரிம்மின் உள் ஓரம், வெளி ஓரம் இரண்டிலும் தனித்தனியாகப் பார்த்து எடை ஒட்டினார். மேல்கீழாகக் குதிப்பது ஒரு வகை, பக்கவாட்டில் ஆடுவது ஒரு வகை. இரண்டையும் அடக்க இரண்டு இடத்தில் எடை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் வந்து வண்டியை எடுத்தான். என்னையும் ஏற்றிக்கொண்டான். எழுபத்தொரு வயதில் அந்த வண்டியில் ஏறுவது, கிணற்றில் இறங்குவது மாதிரி. காலாப்பட்டு வரை போனோம். ஸ்டீயரிங் நடுவில் நேராக நின்றது. இரண்டு விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தான், வண்டி கோடு போட்ட மாதிரி போனது. ரோடு திறந்த இடத்தில் தொண்ணூறு தொட்டான். டேஷ்போர்டில் நான் வைத்த மூக்குக் கண்ணாடி ஆடவில்லை. "மாமா, இத்தனை நாள் இந்த வண்டியை நான் ஓட்டவே இல்ல, மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கேன்" என்றான். அலைன்மென்ட் செய்தால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. டயர் மிச்சம், பெட்ரோல் மிச்சம் எல்லாம் உண்மைதான். அவசரத்தில் பிரேக் போட்டால் வண்டி சொன்னபடி கேட்கும் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

உங்களுக்கு ஹோம்வொர்க்:

1. இன்றைக்கே உங்கள் கார் டயரின் உள்பக்க ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். முன்சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவைத்தால் சுலபம். பின்சக்கரத்துக்குக் குனியத்தான் வேண்டும்.

2. உள்ளங்கையால் இரண்டு திசையிலும் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் சொரசொரத்தால் டோ கெட்டிருக்கிறது. கம்பி தெரிந்தால் கையை வைக்காதீர்கள், குத்தும். வண்டியையும் எடுக்காதீர்கள்.

3. இழுத்தால் எந்தப் பக்கம், நடுங்கினால் எந்த வேகத்தில் என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். மெக்கானிக்குக் பாதி வேலை குறையும்.

4. பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, நடைபாதைக் கல்லில் இடித்தாலோ, டயர் மாற்றினாலோ உடனே பாருங்கள். மற்றபடி வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் கணக்குப்படி.

5. நான்கு சக்கரத்துக்கும் கேளுங்கள். முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடைத்தாளைப் பார்க்காமல் மார்க்கை நம்பலாமா?

6. காற்று. இதைச் செய்யாமல் மேலே சொன்ன ஐந்தும் வீண்.

கடைசியாக ஒன்று. அன்று கடையில் எல்லாம் முடிந்ததும் என் மாணவரிடம் சொன்னேன்: "திசை எழுதலைன்னு உனக்கு எத்தனை அரை மார்க் வெட்டினேன்னு ஞாபகம் இல்லப்பா. அன்னைக்கு நான்தான் திசை கேட்காம விட்டேன். நீ கேட்டே. அந்த மார்க்கெல்லாம் இப்ப திருப்பித் தர்றேன்."

அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அந்த அரை மார்க் போனதாலதான் சார், யார் வந்தாலும் முதல்ல எந்தப் பக்கம்னு கேட்கிறேன். வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும்."

பேத்தியும் இப்போது பேசுகிறாள். முழு ஆண்டுத் தேர்வு விடுமுறைக்கு அந்தக் காரில்தான் வருவாளாம். வரட்டும். சாவியைக் கையில் கொடுக்கும் முன் நான் கீழே குனிந்து பார்ப்பேன்.

வெளியூரிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக வருகிற பிள்ளைகளே, நீங்களும் பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்தால் காபி உண்டு, ஸ்டீல் ஸ்கேலும் நூலும் தயாராக இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்
லாஸ்பேட்டை